இன்ஜின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: முதலில் எதை மாற்றுவது?

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் வீடுகளில் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. "பேட்டரி வீக்கா இருக்கும்" என்பார் பக்கத்து வீட்டு அங்கிள். "பிளக்கை மாத்திப் பாரு" என்பார் சித்தப்பா. "பெட்ரோல் பம்ப்தான், என் காடிக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார் மாமா. மூவரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். மூவரில் ஒருவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மூவரில் ஒருவர்கூட இன்னும் காரின் அருகில் போகவில்லை.

மாணவர்களே, இந்த வாரம் நான் சொல்ல வருவது ஒன்றுதான். சோதித்துப் பார்க்காமல் காரில் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது; மற்றவர் மாற்றவும் விடக் கூடாது. கருதுகோள், மாறி, உற்றறிதல் என்று பள்ளியில் படிக்கிறோமே, அதெல்லாம் அறிவியல் கூடத்தைவிடக் கார் பட்டறையில்தான் அதிகம் தேவைப்படுகிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நோயைச் சரியாகச் சொல்லிக்கொள்வோம். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. சாவியைத் திருப்பும்போது 'டக்' என்றோ 'டிக் டிக் டிக்' என்றோ சத்தம் மட்டும் கேட்டு, இன்ஜின் அசையாமல் கிடந்தால் அது ஒரு வகை. அங்கே பேட்டரி, பேட்டரி முனைகள், ஸ்டார்ட்டர் மோட்டார் இவற்றைப் பார்க்க வேண்டும். இன்னொரு வகையில், இன்ஜின் 'ர்ர... ர்ர... ர்ர...' என்று நன்றாகவே சுற்றும். ஆனால் உயிர் பிடிக்காது. நாம் பேசப்போவது இந்த இரண்டாம் வகையைப் பற்றி. பக்கத்து வீட்டு அங்கிள் சொன்ன பேட்டரி, இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்றால், சந்தேகப் பட்டியலின் அடிப்பகுதிக்குப் போய்விடும். ஒரு சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டதற்கே இவ்வளவு பலன்.

ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் வேலை மிகச் சிறியது. அந்தக் காலத்தில் காரின் முன்னால் நின்று ஓர் இரும்புக் கைப்பிடியைக் கையால் சுற்றுவார்கள். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தபிறகு அந்தச் சிரமம் மெல்ல மெல்ல ஒழிந்தது. கை செய்ததைத்தான் மோட்டார் செய்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று என்ற வேகத்தில் இன்ஜினைச் சுற்றிவிடும். இன்ஜின் தானே ஓட ஆரம்பித்துவிட்டால் நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 700, 800 சுற்று ஓடும். அந்த 200க்கும் 700க்கும் இடையில்தான் நம் கோளாறு ஒளிந்திருக்கிறது.

பெட்ரோல் இன்ஜின் தானே ஓட வேண்டுமானால் என்னென்ன வேண்டும்? காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்து வர வேண்டும். எடையில் கணக்குப் பார்த்தால் 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. அந்தக் கலவையை பிஸ்டன் நன்றாக அழுத்த வேண்டும். இன்றைய கார்களில் பலவற்றில் கலவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கன அளவுக்கு நசுக்கப்படுகிறது. பிறகு பிளக்கில் தீப்பொறி தாவ வேண்டும். இவை அனைத்தும் சரியான நொடியில் நடக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் இன்ஜின் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். பம்ப், ரிலே, பியூஸ், இன்ஜெக்டர், பிளக், காயில், சென்சர்கள், கணினிப் பெட்டி, டைமிங் பெல்ட் என்று பாகங்களின் பட்டியல் நீளமானதுதான். ஆனால் எல்லாப் பாகமும் இந்த நான்கு தேவைகளில் ஏதோ ஒன்றுக்கு வேலை செய்பவைதான். எனவே "எந்தப் பாகம் கெட்டது?" என்று தொடங்காதீர்கள். "நான்கில் எது வரவில்லை?" என்று தொடங்குங்கள்.

சரி, காருக்குப் போவோம். கருவி எதுவும் வேண்டாம். கியரை பார்க்கிங்கில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்புவதற்கு முன்பே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நல்ல இன்ஜின் சுற்றும்போது சத்தத்தில் ஒரு தாளம் இருக்கும். அந்தத் தாளம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது ஸ்டார்ட்டர் சற்றுத் திணறுகிறது. அழுத்தம் விட்டதும் விரைகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு அழுத்தங்கள். நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் 400 அழுத்தங்கள். வினாடிக்கு ஆறேழு திணறல்கள். அதுதான் நீங்கள் கேட்கும் 'ர்ர... ர்ர...' ஓசை. இந்தத் தாளம் காணாமல் போய், தையல் இயந்திரம் வெறுமனே ஓடுவதுபோல் ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாக 'விர்ர்ர்' என்று சுற்றினால், சிலிண்டர்களில் அழுத்தமே உண்டாகவில்லை என்று பொருள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். வீரா போன்ற பழைய கார்களில் இருப்பது பெல்ட். மைவியில் இருப்பது சங்கிலி. பெல்ட் அறுந்த சந்தேகம் வந்தால் அதற்குமேல் ஒரு தடவைகூடச் சுற்றக் கூடாது. சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சின்னச் செலவு பெரிய செலவாகும். பார்த்தீர்களா, அழுத்தம் என்ற ஒரு முழுத் தேவையைக் காதாலேயே சோதித்துவிட்டோம்.

அடுத்தது கண். சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பினால் டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். பலரும் அந்த விளக்கு எரிந்தால்தான் பயப்படுவார்கள். ஸ்டார்ட் செய்யுமுன் அது எரியாவிட்டால்தான் கவனிக்க வேண்டும். இன்ஜின் கணினிக்கு மின்சாரமே போகவில்லையோ என்று பியூஸ் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லும் அறிகுறி அது. சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட சிறு விளக்கு விடாமல் மின்னுகிறதா? அப்படியானால் திருட்டுத் தடுப்பு அமைப்பு உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவி இருந்தால் அதைப் போட்டுப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

இனி இன்ஜினைச் சுற்றும்போது, வேகத்தை ஆயிரம் சுற்றுக் கணக்கில் காட்டும் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் இன்ஜின் சுற்றும்போது அந்த முள் லேசாக, 200 அளவுக்கு மேலே எழும்பும். துளியும் அசையாவிட்டால், இன்ஜின் சுற்றுவதே கணினிக்குத் தெரியவில்லையோ என்று சந்தேகிக்கலாம். எல்லாக் கார்களிலும் இப்படிக் காட்டாது. அதனால்தான் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கார் நன்றாக இருக்கும் இன்றே, அது ஸ்டார்ட் ஆகும்போது முள் எப்படி அசைகிறது, பம்ப் எப்படி ஒலிக்கிறது, எந்த விளக்குகள் எரிந்து அணைகின்றன என்று பார்த்து எழுதி வையுங்கள். சோதனையில் 'கட்டுப்பாட்டுத் தொகுதி' என்று வைக்கிறோம் அல்லவா, அது இதுதான். ஆரோக்கியமான கார் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குக் கெட்ட காரின் அறிகுறி எதுவும் புரியாது.

பெட்ரோல் பம்பையும் காதால் சோதிக்கலாம். பல கார்களில் பம்ப் பெட்ரோல் தொட்டிக்குள், பின் இருக்கையின் அடியில் இருக்கும். சாவியை 'ஆன்' செய்தவுடன் ஏறக்குறைய 2 வினாடி 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுவிடும். முனகல் கேட்டால் பம்ப் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, மோட்டார் சுற்றுகிறது என்று சொல்லலாம். பெட்ரோல் போதிய அழுத்தத்தோடு இன்ஜினுக்குப் போகிறது என்று சொல்ல முடியாது. அதற்கு அழுத்தமானி வைத்து அளக்க வேண்டும். ஓர் உற்றறிதல் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று பிரித்துச் சொல்வது தேர்வுத் தாளில் இரண்டு மதிப்பெண் விஷயம். இங்கே பல நூறு ரிங்கிட் விஷயம். (தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். அளவு காட்டும் முள்ளும் ஒரு சென்சரை நம்பித்தான் நிற்கிறது. அதுவும் பொய் சொல்லக்கூடும்.)

இதற்குமேல் செய்ய வேண்டியவை பட்டறையின் வேலைகள். நாம் 'போமன்' என்று கூப்பிடுகிறோமே, அந்த மெக்கானிக்குகளில் நல்லவர்கள் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். காற்று உள்ளே போகும் குழாயில் எளிதில் தீப்பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயைக் கொஞ்சமாக அடித்துவிட்டு இன்ஜினைச் சுற்றுவார்கள். ஓரிரு வினாடி இன்ஜின் ஓடிவிட்டு நின்றுபோனால்? தீப்பொறி வருகிறது, அழுத்தம் இருக்கிறது, நேரமும் ஏறத்தாழச் சரி. வராதது பெட்ரோல் மட்டும்தான். ஒரே சோதனையில் நான்கு தேவைகளில் மூன்று விடுதலையாகிவிட்டன. கொஞ்சமும் இருமவில்லை என்றால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தீப்பொறிப் பக்கம் போகலாம். இதை வீட்டில் நீங்கள் செய்யாதீர்கள். பிளக் வயரைக் கையில் பிடித்துத் தீப்பொறி பார்க்கும் பழைய வித்தையும் வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து காயில் உண்டாக்குவது பல்லாயிரம் வோல்ட். பக்கத்தில் பெட்ரோல் ஆவி வேறு.

இந்தச் சோதனையில் உள்ள கணக்கைப் பாருங்கள். சந்தேகப்படும் பாகங்கள் 16 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், அதிர்ஷ்டம் இல்லாத நாளில் 15, 16 தடவை மாற்ற வேண்டி வரும். ஒவ்வொரு சோதனையும் பட்டியலைப் பாதியாக வெட்டினால் 16, 8, 4, 2, 1. நான்கே சோதனைகள். பட்டியல் 32 ஆனாலும் கூடுவது ஒரே ஒரு சோதனை. எனவே நல்ல மெக்கானிக்கின் திறமை பாகங்களின் பெயரை மனப்பாடம் செய்ததில் இல்லை. எந்த இடத்தில் வெட்டினால் பட்டியல் பாதியாகும் என்று தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது.

இப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். படிவம் 4இல் என்னிடம் படித்த மாணவன் அவன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால், தாமானில் சாக்கடை ஓரம் நிறுத்தியிருந்த கார் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். அங்கே பெட்ரோல் அழுத்தம் இல்லை என்று பார்த்து, பம்பை மாற்றினார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை. தீப்பொறி இல்லை என்று பார்த்து, நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். ஆகவில்லை. பிறகு காயில். அதற்கும் ஆகவில்லை. ஐந்து நாள் போயிற்று. பில் 700 ரிங்கிட்டைத் தாண்டியது. அப்பா இரவில் வாடகைக் காரில் வேலைக்குப் போய் வந்தார். இரண்டு நாள் போகவே முடியவில்லை. அந்த மாதம் பையனின் டியூஷன் நின்றது.

இதில் எனக்கு மறக்காத விஷயம் ஒன்று உண்டு. முதல் நாளே அந்தப் பையன், "சுத்தும்போது முள்ளு அசையவே இல்ல அண்ணே, முன்னயெல்லாம் அசையும்" என்று அங்கிருந்த போமனிடம் சொல்லியிருக்கிறான். "நீ போய்ப் படிக்கிற வேலையைப் பாரு தம்பி" என்று பதில் வந்தது.

கார் வேறொரு பட்டறைக்குப் போனது. அங்கிருந்த பெரியவர் காரைத் தொடுவதற்கு முன் பையனிடமே, "என்ன பார்த்தே, சொல்லு" என்று கேட்டிருக்கிறார். பிறகு அவர் யோசித்த விதத்தைப் பாருங்கள். பெட்ரோலும் வரவில்லை, தீப்பொறியும் வரவில்லை. இரண்டு தனித்தனி அமைப்புகள் ஒரே வாரத்தில், நின்ற இடத்தில் கெட்டுப்போவது அரிது. இரண்டுக்கும் மேலே, இரண்டுக்கும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. இன்ஜினின் முதன்மைத் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சர்.

இந்தச் சென்சர் படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான். ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள், எதிரே தண்டோடு சுற்றும் பல் சக்கரம். ஒவ்வொரு இரும்புப் பல்லும் கடந்து போகும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் ஒரு சிறு மின்துடிப்பு பிறக்கிறது. பல கார்களில் 60 பற்களுக்கு இடம் விட்டு, அதில் 2 பற்களை வேண்டுமென்றே எடுத்துவிடுவார்கள். அந்த இடைவெளி கடக்கும்போது, "இதோ ஒரு சுற்று" என்று கணினி அறிந்துகொள்ளும். மைக்கேல் பாரடே 1831இல் கண்டுபிடித்தது இன்று உங்கள் காரில் வினாடிதோறும் நடக்கிறது. (சில கார்களில் இதற்கு ஹால் விளைவுச் சென்சர் வைத்திருப்பார்கள். அது வேறு பாடம்.) இந்தத் துடிப்பு வராவிட்டால் இன்ஜின் நின்றிருக்கிறது என்று கணினி முடிவு செய்யும். நின்ற இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்காது, இன்ஜெக்டரைத் திறக்காது. விபத்தில் பெட்ரோல் கொட்டக் கூடாது என்பதால் பம்பையும் ஓட விடாது. அந்த முள் ஏன் அசையவில்லை என்று இப்போது புரிகிறதா?

பெரியவர் ஸ்கேனரைச் செருகினார். பி 0335 என்ற குறியீடு வந்தது. கிராங்க் சென்சர் சுற்றில் கோளாறு என்று அர்த்தம். அதோடு அவர் புதுச் சென்சர் வாங்கிவரச் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 'சுற்று' என்ற சொல்லை அவர் கவனித்தார். சுற்று என்றால் சென்சர் மட்டுமா? வயரும் உண்டு, இணைப்பியும் உண்டு. மீட்டரை வைத்துச் சென்சரின் மின்தடையை அளந்தார், சரியாக இருந்தது. வயரின் இரு முனைக்கும் இடையே அளந்தார், தொடர்பே இல்லை. வயரைத் தொட்டுக்கொண்டே போனால், இன்ஜினின் பின்பக்கம் எலி கடித்த அடையாளம். வெட்டி, இணைத்து, சுற்றிக் கட்டினார். கூலி 50 ரிங்கிட்.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் பார்த்தது இரண்டும் உண்மை. பெட்ரோல் அழுத்தம் இல்லை, தீப்பொறி இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து, பார்த்த இடத்திலேயே குற்றவாளியைப் பிடித்துவிட்டார். ஒரு வேலை நடக்காத இடமும் அந்தக் கோளாறு பிறந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குழாயை மாற்றுவோமா? மேலே மீட்டர் பக்கம் யாராவது மூடி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க மாட்டோமா?

ஸ்கேனரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் ஒரே வகைக் குறியீட்டு முறை கட்டாயமானது. இன்று மலிவான கருவியைச் செருகினால் உங்கள் கைப்பேசியிலேயே குறியீட்டைப் படித்துவிடலாம். நல்ல வசதிதான். ஆனால் பலர் அதை மருந்துச் சீட்டுப்போல் எண்ணிவிடுகிறார்கள். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று குறியீடு சொல்வதில்லை. கணினி எந்த இடத்தில் எதிர்பார்த்தது வரவில்லை என்று மட்டும் சொல்கிறது. "எனக்கு வயிறு வலிக்கிறது" என்று நீங்கள் சொன்னதும் மருத்துவர் கத்தியை எடுத்தால் எப்படி இருக்கும்?

இப்போது என் வாதத்துக்கு எதிராக நீங்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். அனுபவமுள்ள போமன் காரைப் பார்த்ததுமே, "இந்த மாடலுக்கு இதுதான் போகும்" என்று சொல்லிச் சரி செய்துவிடுகிறாரே, அது தவறா? தவறில்லை. ஒரே கோளாறை ஐம்பது தடவை பார்த்தவரின் ஊகம் வெறும் ஊகம் அல்ல; அது நிகழ்தகவு. எங்கே முதலில் தேடுவது என்று அது காட்டும். ஆனால் தேடிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல அது போதாது. கூலி கொடுத்து இரண்டு மணி நேரம் சோதிப்பதைவிட 15 ரிங்கிட் பாகத்தை மாற்றுவது மலிவு என்றும் சொல்வார்கள். சில நேரம் அதுவும் உண்மை. பிளக் மாற்ற வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டதென்றால் மாற்றத்தான் வேண்டும். அதைப் பராமரிப்பு என்று சொல்லுங்கள், பழுது கண்டுபிடித்ததாகச் சொல்லாதீர்கள்.

மாற்றிப் பார்ப்பதே நல்ல சோதனையாவதும் உண்டு. பல கார்களின் பியூஸ் பெட்டியில் பம்ப் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே வகையாக இருக்கும். ஹாரன் அடித்துப் பாருங்கள். அடித்தால் அதன் ரிலே நல்லது. காரின் கையேட்டைப் பார்த்து, இரண்டும் ஒரே எண் கொண்டவைதான் என்று உறுதி செய்துகொண்டு, இடம் மாற்றிச் செருகுங்கள். பம்ப் இப்போது முனகுகிறதா? ஹாரன் ஊமையாகிவிட்டதா? பழுது ரிலேயோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. காசு செலவில்லை, ஒரே ஒரு மாறியைத்தான் தொட்டோம், பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும், என்ன நடக்கும் என்று முன்பே சொல்லியும் வைத்தோம். பம்பு, பிளக்கு, காயில் என்று மூன்றையும் மாற்றிய கதையில் இந்த நான்கில் எது இருந்தது?

தமிழ்ப்பள்ளியில் 'மாறி' என்று படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் அதையே 'பெம்போலே உபா' என்று மலாயில் மறுபடியும் மனப்பாடம் செய்கிறீர்கள். பெயர் இரண்டு மொழியில் தெரிகிறது. பயன்படுத்தச் சொன்னால் தடுமாறுகிறீர்கள். குறை உங்களுடையது என்று நான் நினைக்கவில்லை. தனி ஊசல் சோதனையைச் செய்யும்போது விடை என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பயிற்சிப் புத்தகத்துக்கும் தெரியும். புள்ளி கோட்டில் உட்காராவிட்டால் அழிரப்பரை எடுக்கும் கைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருக்கிறோம். விடை தெரிந்த சோதனையில் பழகியவருக்கு, விடை தெரியாத ஒன்று எதிரே வந்து நின்றால் முதலில் தோன்றுவது எதையாவது மாற்றிப் பார்ப்போம் என்பதுதான்.

அதனால் என் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். பேட்டரி, சுவிட்ச், வயர்கள், பல்புகள் கொண்ட ஒரு மின்சுற்றில் ஒரு கோளாறை ஒளித்து வைத்துக் கொடுப்பேன். பேட்டரி முனையில் ஒரு துண்டு ஒட்டுநாடா, அல்லது உறைக்குள் அறுந்த வயர். ஒரு குழு எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதிதாக மாற்றிவிட்டு, "எரிஞ்சிடுச்சு டீச்சர்!" என்று கத்தியது. எது கெட்டிருந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. மதிப்பெண்ணும் இல்லை. இன்னொரு குழு விளக்கை எரிய வைக்கவே இல்லை. ஆனால் "பேட்டரி நல்லா இருக்கு, சுவிட்ச் வரைக்கும் மின்சாரம் வருது, இங்கேருந்து இங்கேதான் எங்கேயோ" என்று மீட்டரோடு காட்டியது. முழு மதிப்பெண் அவர்களுக்குத்தான். வகுப்பில் பெரிய சண்டையே வந்தது. எரிந்தது யாருடையது என்பதுதானே முக்கியம் என்று முதல் குழு இன்றுவரை வாதாடுகிறது. பள்ளிகளில் இந்த மாதிரிப் பயிற்சிகள் இன்னும் நிறைய வர வேண்டும் என்பேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. அந்த முள்ளைக் கவனித்த பையன் படிவம் 5 முடித்துவிட்டு வாகனத் தொழில்நுட்பம் படிக்கப் போவதாகச் சொன்னபோது, உறவினர் சிலர் முகம் சுளித்தார்களாம். "படிப்பு வராதவங்க போற இடம்" என்றார்களாம். மீட்டரை வைத்து வயரின் தொடர்பை அளந்து, சென்சரை விடுதலை செய்து, எலியைப் பிடித்த அந்தப் பெரியவர் செய்ததற்கு வேறு என்ன பெயர்? நல்ல மருத்துவர் நோய் காணும் அதே வழியில்தான் அவரும் போனார். அந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இயற்பியல் குறைவாகப் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் நடுரோட்டில், போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று பார்க்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் கார் பட்டறைக்குப் போனால் நீங்களும் கூடப் போங்கள். "அண்ணே, இதுதான்னு எதை வச்சு சொல்றீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சோதித்துப் பார்த்தவர் கோபப்பட மாட்டார். மீட்டரில் காட்டி, உங்களுக்கு விளக்கிச் சொல்லவும் ஆசைப்படுவார். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு கொடுத்துவிட்டு முடிக்கிறேன். ஒரு கார் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. மதியம் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிற்கிறது. முள் பூஜ்யத்தில் விழுகிறது. சுற்றினால் சுற்றுகிறது, தாளம் சரியாக இருக்கிறது, முள் மட்டும் எழும்பவில்லை. அரை மணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டுச் சுற்றினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டு போகும் நேரத்தில் எல்லாமே சரியாக இருக்கிறது. மீட்டரும் எல்லாம் நல்லது என்றே காட்டுகிறது. உலோகம் சூடானால் என்ன ஆகும் என்பதையும் கம்பிச்சுருளையும் நினைவில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: எதைச் சந்தேகிப்பீர்கள்? அதைவிட முக்கியம், மீட்டரை எந்த நேரத்தில் வைப்பீர்கள்?